மேமியோ காப்பிப் பழம்: அப்படியே விற்பதா, காயவைப்பதா, கழுவி எடுப்பதா?

பர்மாவில் மேமியோவைச் சுற்றி மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று காப்பி வைத்திருக்கும் நம் ஆட்கள் வீட்டில் நவம்பர் பிறந்தால் ஒரே பேச்சுதான். இந்த வருசம் பழத்தை என்ன செய்வது? தரகரிடம் பழமாகவே போட்டுவிடலாமா, களத்தில் தோலோடு காயவைக்கலாமா, பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் ஒன்று வாங்கிக் கழுவி எடுக்கலாமா? பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. விலையைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. தண்ணீர் எவ்வளவு, களம் எவ்வளவு, இரவில் கண் விழிக்க ஆள் உண்டா என்று பார்த்தாலே பாதிப் பேருக்கு ஒரு வழி தானாக அடைபட்டுப்போகும். மிச்சம் இருக்கும் வழிகளுக்குத்தான் விலைக் கணக்குத் தேவை.

ஏன் தண்ணீரை முதலில் சொல்கிறேன்? பியின் ஊ லுவின், அதாவது நம் மேமியோ, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,070 மீட்டரில் இருக்கிறது. மே நடுவில் இறங்கும் மழை அக்டோபரோடு விடைபெறும். காப்பி பழுப்பது டிசம்பரிலிருந்து மார்ச் வரை, அதாவது மழை நின்று கிணறு நாளுக்கு நாள் கீழே போகும் காலத்தில். தமிழ்நாட்டில் ஏற்காடு, தாண்டிக்குடிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு பழம் பறிக்கத் தொடங்குகிறார்கள். அங்கே தண்ணீர் கிடைத்துவிடும், வெயிலுக்குத்தான் திண்டாட்டம். இங்கே வெயில் தாராளம், தண்ணீர்தான் முடை. ஊரில் சொந்தக்காரர் பல்ப்பர் வைத்திருக்கிறார், நாமும் வைப்போம் என்று இறங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

அடுத்தது, உங்கள் தோட்டத்தில் நிற்கும் மரம் எது? 1930 வாக்கில் கத்தோலிக்கப் பாதிரிமார் அராபிகாவை இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். இன்று பழைய தோட்டங்களில் எஸ் 795 கணிசமாக நிற்கிறது. சிக்மகளூர் பக்கத்துப் பாலேஹொன்னூர் ஆய்வு நிலையத்தில் எஸ் 288 வகையையும் கென்ட் வகையையும் சேர்த்து உண்டாக்கிய மரம் அது. சேர்வராயன் மலையிலும் அதே மரந்தான். புதுத் தோட்டங்களில் கட்டிமோர் அதிகம். கட்டிமோர் குட்டையாக நின்று சீக்கிரம் காய்க்கும், இலைத் துரு நோயையும் ஓரளவு தாங்கும். ஆனால் கோப்பையில் அதன் கரகரப்பு தெரிந்துவிடும். கழுவிய காப்பியில் மரத்தின் குணம் ஒளிவுமறைவில்லாமல் வெளியே வரும். எஸ் 795 என்றால் அது லாபம், கட்டிமோர் மட்டும் என்றால் அவ்வளவு லாபமில்லை. தோலோடு காயவைத்தால் பழத்தின் இனிப்பு கொஞ்சம் உள்ளே இறங்கி அந்தக் கரகரப்பை மூடிக்கொள்ளும். முழுத் தோட்டமும் கட்டிமோராக இருந்தால் கழுவுவதற்காகப் பெரிய செலவு செய்யத் தேவையில்லை என்பேன்.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

பழமாகவே விற்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பறித்த அன்று மாலையே எடை போட்டுக் காசு வாங்கிவிடலாம். அன்றாடக் கூலி கொடுக்க வேண்டியவர்களுக்கு அதுவே பெரிய விசயம். சுற்றுவட்டாரத்துப் பெரிய தோட்டங்களும் கழுவு நிலையங்களும் வாங்குகின்றன, தரகர்களும் வருகிறார்கள். குறை எங்கே என்றால், காலையில் பறித்ததை இரவுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். சாக்கில் கட்டி ஒரு ராத்திரி வைத்தால் பழம் சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். எனவே தராசு அவர் கையில், விலையும் அவர் வாயில். இரண்டு ஏக்கருக்குக் கீழே வைத்திருப்பவர்களும், மார்ச்சில் கிணறு தரை தட்டும் வீட்டுக்காரர்களும் இதோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிவப்புப் பழத்தை மட்டும் பறித்து, பச்சைக் காய் கலக்காமல் கொடுத்தால், ஒரு பருவத்துக்குள் பெயர் எடுத்துவிடலாம். பெயர் எடுத்தபின் பேரம் கொஞ்சம் மாறும்.

தோலோடு காயவைப்பது நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. தரையில் பாயை விரித்துக் கொட்டி, நினைவு வந்தபோது கிளறி, மார்ச்சில் மூட்டை கட்டினார்கள். மண்வாடை அடிக்கும் அந்தச் சரக்கு தேநீர்க் கடைக்கும் காப்பி மிக்ஸ்காரருக்கும் போனது. விலையும் அதற்கேற்றபடிதான். தென் ஷான் மாநிலத்தில் யுவாங்கான் பக்கத்து தனு இன விவசாயிகளும் முன்பு இப்படித்தான் விற்றார்கள். 2010களின் நடுவில் அவர்கள் முறையை மாற்றினார்கள். முழுக்கச் சிவந்த பழம் மட்டும், இடுப்பு உயரத்தில் மூங்கில் பரண், அதன்மேல் வலை, ஒற்றைப் பழத் தடிமனில் பரப்பல், பகல் முழுக்கக் கிளறல், வெயில் தாழ்ந்ததும் மூடல். அவ்வளவுதான். அந்தக் காப்பிக்கு அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் கிடைத்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், கைப்பழக்கத்தை மாற்றியே அதைச் செய்தார்கள். யுவாங்கான் நம்மைவிட உயரமான இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சுவை இங்கே அப்படியே வந்துவிடாது.

மேமியோவில் இந்த முறைக்கு எதிரி பனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும், விடிகாலையில் பரண் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நான்கு மணிக்கு மேல் மூடவில்லை என்றால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பிவிடும், மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் தெரியும். மூன்று வாரம், குளிர் அதிகமானால் நான்கு வாரம் ஆகும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும்.

பலர் கணக்குப் போடாமல் விடுவது களத்தின் அளவை. நான்கு ஏக்கர்காரர் ஒருவர் உச்ச மூன்று வாரத்தில் வாரம் நான்கு நாள், நாளுக்கு 200 கிலோ பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பழம் காய்ந்து இறங்கும் முன்பே பன்னிரண்டாம் நாள் பழம் பரண் ஏறிவிடும். அதாவது ஒரே சமயத்தில் 2,400 கிலோ பரணில் கிடக்கும். ஒரு சதுர மீட்டரில் 10, 12 கிலோவுக்கு மேல் போட்டால் புழுங்கிவிடும். எனவே 200 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். நான்கடி அகலம், ஐம்பதடி நீளம் என்று கட்டினால் பதினொன்று, பன்னிரண்டு பரண். அதே பழத்தைத் தோல் நீக்கிக் கழுவினால் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், இன்னும் தடிமனாகப் பரப்பலாம், பத்து நாள் வெயிலில் காய்ந்தும் விடும். இரண்டு மூன்று பரண் போதும். கழுவினால் சுவை மேம்படும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடமும் பாதி நாளும் போதும் என்பதுதான் சின்னத் தோட்டக்காரருக்குக் கழுவுவதில் கிடைக்கும் பெரிய லாபம். இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

சரி, கழுவுவதற்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

பறித்த பழத்தை முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்ட வேண்டும். மிதப்பதெல்லாம் துளைப்பான் பூச்சி தின்றதும் உள்ளே சரியாக முற்றாததும். அதை அள்ளித் தனியாகக் காயவைத்துவிடலாம். மூழ்கியது பல்ப்பருக்குப் போகும். கையால் சுற்றும் சின்ன உருளைப் பல்ப்பரில் இரண்டு பேர் ஒரு மாலைக்குள் 200 கிலோவை முடித்துவிடலாம். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத காலத்தில், டீசல் விலையும் இப்படி இருக்கையில், கைப் பல்ப்பர்தான் நிம்மதி. இடைவெளியைச் சரியாக வைப்பதுதான் சூட்சுமம். நெருக்கினால் கொட்டை வெட்டுப்படும், வெட்டுப்பட்டது புளிக்கும்போது கறுக்கும். தளர்த்தினால் தோல் கூடவே வரும். பருவத் தொடக்கத்திலும் கடைசியிலும் கொட்டை சிறுத்திருக்கும் என்பதால் ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. பச்சைக் காயைப் பல்ப்பர் உரிக்கவே உரிக்காது. வீசைக் கணக்கில் கூலி கொடுத்தால் பறிக்கிறவர்கள் கைக்கு வந்ததையெல்லாம் உருவுவார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை. சிவப்பு மட்டும் என்று பறித்தால் எடை குறையும், அந்தக் குறையை நாம்தான் கூலியில் கூட்டிக் கொடுக்க வேண்டும். வெளியூருக்குப் போய்விட்ட பிள்ளைகளால் கூலி ஆள் கிடைப்பதே அருமையாகிவிட்ட நாளில் இதுவும் செலவுக் கணக்கில் ஏறும்.

தோல் போனபின் கொட்டையைச் சுற்றிப் பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டியில் போட்டுப் புளிக்கவைத்துக் கரைக்கிறோம். வெப்பமான இடங்களில் 12 மணி நேரத்தில் முடியும் வேலை, நம் ஜனவரிக் குளிரில் 36 மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு இரவு கூட எடுக்கும். புத்தகத்தில் 18 மணி என்று போட்டிருக்கிறதே என்று எடுத்துவிட்டால் பிசின் பாதி ஒட்டியிருக்கும், காயும்போது பழுப்பேறும். தொட்டி சின்னதாக இருந்தால் கொட்டைக் குவியல் தன் சூட்டைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளாது, மேலே சாக்கைப் போட்டு மூட வேண்டும். கடிகாரத்தை நம்பாமல் கையை நம்ப வேண்டிய கட்டம் இது. ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேய்த்தால் ஆற்றுக் கூழாங்கல் போல் கரகரவென்று உரச வேண்டும், வழுக்கக் கூடாது. குவியலில் ஒரு குச்சியைச் செருகி உருவினால் குழி மூடாமல் நிற்க வேண்டும். இந்தப் பதம் ராத்திரி இரண்டு மணிக்கும் வரும். அப்போது எழுந்து கழுவ வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. விடியட்டும் என்று விட்டால் வெயில் நாளில் புளிப்பு மிஞ்சிவிடும்.

பல்ப்பரைத் தினமும் இரவு கழுவி வைக்கச் சொல்வது சும்மா சுத்தத்துக்காக இல்லை. மூலையில் சிக்கிய நேற்றைய கொட்டை அழுகி, நாளைய சரக்கில் கலந்துவிடும். அழுகல் வாடை அடிக்கும் கொட்டை ஒன்றே ஒன்று அரைபட்டால் போதும், அந்தக் கோப்பை முழுக்க நாறும். சுவை பார்க்கிறவர் அதோடு உங்கள் மூட்டையை ஓரம் கட்டிவிடுவார். தோலோடு காயவைப்பதில் இப்படி ஒரு கொட்டையால் மொத்தமும் போகும் பயம் குறைவு.

தண்ணீர்க் கணக்கு இதோ. பழைய முறையில் ஓடவிட்டுக் கழுவினால் கிலோ பழத்துக்குப் பத்து லிட்டர் வரை போய்விடும். 200 கிலோவுக்கு 2,000 லிட்டர், அதாவது பத்து டிரம். முதல் தொட்டித் தண்ணீரையே பல்ப்பருக்குத் திருப்பி விட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்று சிக்கனம் பிடித்தால் நான்கைந்து டிரம்மில் முடிக்கலாம். பிசினை உரசி எடுக்கும் இயந்திரம் வந்திருக்கிறது, அதற்கு ஒரு டிரம்கூட வேண்டியதில்லை, புளிக்கவைக்கும் வேலையும் இல்லை. ஆனால் அதற்கு மோட்டாரும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும், ஒற்றைக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் கட்டாயம் கேட்பார். கேட்கவும் வேண்டும். புளித்த அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்தால் மீன் செத்து மிதக்கும், கீழே குளிக்கிறவர்களுக்குத் தோல் அரிக்கும். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மண்ணுக்குள் இறங்கவிட வேண்டும். பழத்தின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தோலாகவே வரும். சாணத்தோடு அடுக்கி மட்கவைத்தால் அடுத்த மழைக்கு அதே மரத்துக்கு உரம். யூரியா விற்கும் விலைக்கு இதைத் தூக்கிப் போடுவது பாவம்.

இவ்வளவுக்கும் பிறகு கோப்பையில் என்ன வித்தியாசம்? நல்லபடியாகக் கழுவிய மேமியோ எஸ் 795 தெளிவாக இருக்கும், இலேசான புளிப்பு, பின்னால் கொக்கோ வாடை. பாலும் சிக்கரியும் சேர்த்து இறக்கும் நம் வீட்டு பில்டர் காப்பிக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இந்த நாட்டில் கிடையாது. ரங்கூனில் இருக்கும் நம்மவர்கள் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் பிளான்டேஷன் (கழுவிய அராபிகா), பீபெரி (ஒற்றைக் கொட்டை) என்று பொட்டலம் கேட்டு வாங்குகிறார்கள். இங்கே விளைவதும் அதே மரத்துக் கொட்டைதான், கழுவியா காயவைத்தா என்பதில்தான் சங்கதி. தோலோடு காய்ந்தது கனமாக, பழ வாடையோடு இருக்கும். கறுப்புக் காப்பி குடிக்கிறவர்கள் அதைத் தேடுகிறார்கள். எது உசத்தி என்ற சண்டையில் நான் தலையிட மாட்டேன், வாங்குகிறவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் நமக்கு வேலை.

தோலை நீக்கிவிட்டுப் பிசினோடு காயவைக்கும் தேன் முறை என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் மிச்சம், இடமும் குறைவு. ஆனால் முதல் இரண்டு நாள் அரை மணிக்கொருமுறை கிளற வேண்டும், எறும்பும் தேனீயும் மொய்க்கும், வாங்க ஆளும் குறைவு. ஒரு மூட்டை அளவில் செய்து பார்க்கலாம், பிழைப்பை அதில் வைக்க வேண்டாம்.

இப்போது விலைக்கு வரலாம். 1 வீசை, அதாவது 1.63 கிலோ, சுத்தமான பச்சைக் கொட்டைக்கு (உமி நீக்கிய, வறுக்காத கொட்டை) 5½ முதல் 6 வீசை பழம் வேண்டும். பொறுக்கித் தள்ளும் கழிவையும் சேர்த்தால் ஆறுக்கு மேலேயே போகும். அதன்மேல் கூலி, சாக்கு, உமி நீக்கும் செலவு, மாண்டலே வரை வண்டி. என் கணக்கில், கொட்டை விலை பழ விலையைப்போல் எட்டு மடங்காவது இருந்தால்தான் கழுவுவதில் கை வைக்கலாம். ஏழு மடங்கு என்றால் நம் வீட்டு ஆட்களின் கூலிதான் மிஞ்சும். அதற்கும் கீழே போனால் பழமாகவே விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நியூயார்க் சந்தையில் 2025 பிப்ரவரியில் அராபிகா ஒரு ராத்தல் நான்கு டாலரைத் தாண்டியபோது எல்லோரும் பல்ப்பர் விலை விசாரித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பழ விலையும் கூடவே ஏறும் என்பதை மறந்துவிட்டார்கள். பார்க்க வேண்டியது இரண்டுக்கும் நடுவிலுள்ள மடங்கைத்தான்.

இன்னொன்று. நம் சாட் நாணயத்தின் மதிப்பு எப்படி இறங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அரசு 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 என்று வைத்தது. 2024இல் வெளிச்சந்தையில் அது 4,000க்கு மேலே போய்விட்டது. பழத்தை விற்று சாட்டாக வைத்திருப்பதைவிட, காய்ந்த காப்பியாக வைத்திருப்பது சிலருக்குக் கை கொடுத்திருக்கிறது. உமியோடு, ஈரம் 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும் கழுவிய கொட்டை, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில், தரையில் படாமல் அடுக்கினால் மழைக்காலத்தைத் தாண்டும். தோலோடு காய்ந்ததையும் வைக்கலாம், ஆனால் ஒரே எடைக் கொட்டைக்கு அது ஏறக்குறைய இரட்டை இடம் பிடிக்கும். உமி நீக்கிய பச்சைக் கொட்டையை மட்டும் மழையில் வைக்காதீர்கள், வெளுத்துவிடும். இதில் ஒரு அபாயமும் உண்டு. 2023 அக்டோபரில் சண்டை மூண்ட பிறகு, சீன எல்லைக்குப் போகும் லாஷியோ சாலை எப்போது திறந்திருக்கும், எப்போது மூடியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சீன எல்லை வழியாகத்தான் விற்பேன் என்று மூட்டையைச் சேர்த்து வைத்தால் வருசக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மாண்டலே, ரங்கூன் வறுப்பகங்களில் ஒரு கை முன்பே பிடித்து வையுங்கள்.

நான் தேர்ந்தெடுப்பது எது? தண்ணீர் வற்றாத கிணறு ஒரு வீட்டில் இருந்து, சுற்றி மூன்று நான்கு வீட்டில் எஸ் 795 இருந்தால், அந்த வீட்டிலேயே ஒரு பல்ப்பரும் இரண்டு தொட்டியும் வைத்துச் சேர்ந்து கழுவுவது. அதுவும் பருவம் முழுக்க வேண்டாம். டிசம்பரின் முதல் பறிப்பில் பழம் ஒரு சீராக இருக்காது, மார்ச்சில் தண்ணீர் இருக்காது. அந்த இரண்டு முனையையும் தோலோடு காயவைத்துவிட்டு, ஜனவரி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை வரும் நல்ல பழத்தை மட்டும் கழுவலாம். ராத்திரி முறையும் நான்கு வீட்டுக்குப் பங்காகிவிடும்.

சேர்ந்து செய்வதில் சண்டை வரும் இடம் எடை. ஒருவர் பச்சைக் காயோடு கொண்டுவருவார், இன்னொருவர் பார்த்துப் பார்த்துப் பறித்திருப்பார், தொட்டியில் எல்லாம் ஒன்றாகிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு கூட்டு இதனாலேயே இரண்டாம் பருவத்தில் உடைந்தது. மிதவையை நீக்கியபின் மூழ்கிய பழத்தை மட்டும் எடை போட்டு, எல்லோர் முன்னாலும் நோட்டில் எழுதி, அந்த எடைக்குத்தான் பங்கு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள். பச்சைக் காய் கூடையில் பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்தக் கூடை வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

கூட்டுக்கு ஆள் அமையாமல், ஆனால் கிணறும் எஸ் 795ம் ஆளும் இருக்கிற ஐந்து ஏக்கர்காரர் தனியாகவே ஜனவரிப் பழத்தைக் கழுவலாம், நட்டம் வராது. கிணறு இல்லை, களம் மட்டும் பெரிது என்றால் பரணில் தோலோடு காயவையுங்கள். இரண்டும் இல்லையென்றால் பழமாக விற்பதுதான் சரி.

கழுவுவது என்று முடிவானால் தொட்டி வேலையை அக்டோபர் கடைசியில் மழை விட்டதும் தொடங்கிவிட வேண்டும். புதுச் சிமென்டில் நேராகக் கொட்டையைப் போட்டால் புளிப்பு சிமென்டைத் தின்னும், வாடையும் ஏறும். உள்ளே வழவழப்பாகப் பூசி, முடிந்தால் ஓடு பதித்து, இரண்டு வாரம் தண்ணீரை நிரப்பி நிரப்பி மாற்றுங்கள். அடியில் வடிகால் துளையும் அதற்கு ஒரு சல்லடையும் வைக்கச் சொல்லி கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூசி முடித்தபின் துளை போடச் சொன்னால் அவர் இரண்டாவது கூலி கேட்பார்.